டாக்டருக்கு எதுக்குங்க பி.ஆர்.ஓ. படிப்பு?

1/
கொஞ்சம் நீளமான இழை. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

நான் கடலூரில் குடும்ப மருத்துவர். காய்ச்சல், சர்க்கரை, பிரஷர், பிள்ளைகளுக்குச் சளி. இதுதான் என் தினசரி. ஆனால் எம்.பி.பி.எஸ். தவிர இன்னொரு பட்டமும் என் பீரோவில் இருக்கிறது. சிதம்பரத்தில் தொலைதூரக் கல்வியில் படித்த இதழியல், மக்கள் தொடர்பு.

அந்தப் படிப்பைப் பற்றியும், அதில் நல்ல மார்க் வாங்கிய பிறகும் நான் ஃபெயிலான ஒரு நாளைப் பற்றியும்தான் இந்தப் பதிவு.

2/
நம்ம ஊரில் "பி.ஆர்.ஓ." என்றால் மூன்று பேர்தான் ஞாபகத்துக்கு வருவார்கள்.

ஒன்று, சினிமா பி.ஆர்.ஓ. 1958-ல் எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' படத்துக்காகப் பத்திரிகைத் தொடர்பைப் பார்த்துக்கொண்ட 'பிலிம் நியூஸ்' ஆனந்தனைத்தான் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்பார்கள்.

இரண்டு, கலெக்டர் ஆபீஸில் இருக்கும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர்.

மூன்று, தனியார் மருத்துவமனையிலிருந்து டைரியும் காலண்டரும் எடுத்துக்கொண்டு எங்கள் கிளினிக்குக்கு வந்து, "கேஸ் இருந்தா அனுப்புங்க சார்" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்.

நான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன் என்றதும் என் மாமனார் கேட்ட முதல் கேள்வி: "ஏன் மாப்ள, கிளினிக்ல கூட்டம் கொறஞ்சிடுச்சா?"

3/
உண்மையான காரணம் வேறு. எனக்கு எழுத ஆசை. பத்திரிகையில் மருத்துவப் பத்தி எழுத வேண்டும், நன்றாக மேடையில் பேச வேண்டும். அவ்வளவுதான்.

சிதம்பரம் பக்கத்தில் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் தொடங்கியது. அதன் தொலைதூரக் கல்வி 1979-லிருந்து நடக்கிறது. கடலூர் மாவட்டத்தில் வேலைக்குப் போய்க்கொண்டே படித்த ஒருவராவது இல்லாத தெரு அபூர்வம். தபாலில் புத்தகம் வரும், சனி ஞாயிறு நேர்முக வகுப்பு, வருஷக் கடைசியில் பரீட்சை.

2011-ல் சேர்ந்தேன்.

4/
அந்த வருஷம் டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கமே வேண்டாம். பண்ருட்டிப் பக்கம் தாத்தா காலத்துப் பலாவும் முந்திரியும் ஒரே காலையில் படுத்துவிட்டன. கரண்ட் வர சில இடங்களில் வாரக்கணக்கில் ஆனது.

நேர்முக வகுப்புக்கு நான் போனது அதற்கு அடுத்த மாதம். பஸ் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர் என்று போகிற வழியெல்லாம் வேரோடு சாய்ந்த மரங்கள். யாருக்கும் பாடத்தில் மனசே இல்லை.

5/
வகுப்பில் பலதரப்பட்ட ஆட்கள். ஒரு போலீஸ்காரர், ஒரு வங்கி ஊழியர், ஒரு பகுதிநேர நிருபர், மின்வாரியத்தில் களப்பணி பார்க்கும் ஒரு நண்பர்.

அன்றைக்குப் பாடம் "நெருக்கடி காலத் தகவல் தொடர்பு". பேராசிரியர் புத்தகத்தை மூடிவிட்டு, "உங்க ஊர்ல போன மாசம் என்ன நடந்துச்சு, அதைச் சொல்லுங்க" என்றார்.

மின்வாரிய நண்பர் எழுந்தார். "சார், முதல் நாலு நாள் எங்க போனாலும் ஜனங்க சுத்தி நின்னு சண்டை போட்டாங்க. அஞ்சாவது நாள் ஒரு சிலேட்டு வாங்குனேன். இன்னைக்கு எந்தத் தெருவுல வேலை, நாளைக்கு எந்தத் தெருன்னு எழுதி டீக்கடை வாசல்ல மாட்டுனேன். எப்ப கரண்ட் வரும்னு தெரியாத தெருவுக்கு 'தெரியவில்லை, நாளை மாலை 5 மணிக்குச் சொல்கிறோம்'னு எழுதினேன். அஞ்சு மணிக்குப் போயி, மறுபடியும் தெரியலன்னாலும், தெரியலன்னே எழுதினேன்."

"சண்டை?"

"நின்னுடுச்சு சார். டீ வாங்கிக் குடுத்தாங்க."

6/
பேராசிரியர் சொன்னார்: "இந்த யூனிட் முழுக்க இவரே சொல்லிட்டாரு. பரீட்சைக்கு மட்டும் பேருங்களைப் படிச்சுக்கங்க."

பேருங்களைப் படித்தோம். உங்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்னாடி தேவைப்படும்.

7/
ஐவி லீ. அமெரிக்கப் பத்திரிகையாளர். 1906-ல் நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்காக வேலை பார்த்தபோது ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டார். ஒளிவுமறைவு கிடையாது, உண்மைத் தகவலை உடனே பத்திரிகைக்குத் தருவோம் என்பது அதன் சாரம். அன்றைக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் 1914-ல் லட்லோவில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் கொல்லப்பட்ட பிறகு, ராக்ஃபெல்லர் தரப்புக்காக அவரே எழுதிக் கொடுத்த தகவல்களில் உண்மை இல்லை என்று குற்றச்சாட்டு வந்தது. எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் அவருக்கு "விஷ ஐவி" என்று பட்டப்பெயரே வைத்தார்.

கொள்கை அறிக்கை எழுதுவது சுலபம் என்பது முதல் பாடம்.

8/
அடுத்தது எட்வர்ட் பெர்னேஸ். சிக்மண்ட் ஃபிராய்டின் அக்கா தங்கை வழிச் சொந்தம், மருமகன் முறை. 1923-ல் இந்தத் துறைக்கான ஆரம்பகாலப் புத்தகங்களில் ஒன்றை எழுதினார். அதே வருஷம் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தினார்.

1929-ல் ஒரு சிகரெட் கம்பெனிக்காக ஈஸ்டர் ஊர்வலத்தில் இளம்பெண்களைச் சிகரெட்டோடு நடக்க வைத்தார். அதற்கு "சுதந்திரத்தின் தீப்பந்தங்கள்" என்று பெயர். பெண்கள் பொது இடத்தில் புகைப்பதைப் பெண் விடுதலை மாதிரி காட்டிய வேலை அது.

நுரையீரல் நோயாளிகளைத் தினமும் பார்க்கிற எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்டுவது கஷ்டமாக இருந்தது. பின்னாளில் அதே மனிதர் புகைபிடித்தலுக்கு எதிரான பிரசாரத்துக்கும் உதவினார். ஆனால் போன நுரையீரல் போனதுதானே.

9/
நல்ல உதாரணமும் உண்டு. 1982, சிகாகோ. டைலனால் மாத்திரையில், அதாவது நம்ம பாராசிட்டமால்தான், யாரோ சயனைடு கலந்துவிட்டார்கள். ஏழு பேர் இறந்தார்கள்.

கலந்தது கம்பெனி இல்லை. ஆனாலும் ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. "எங்க மாத்திரையைச் சாப்பிடாதீங்க" என்று தானே சொன்னது. பிறகு யாரும் திறந்தால் தெரிகிற மாதிரி சீல் வைத்த பேக்கிங்கோடு திரும்ப வந்தது. நீங்கள் இன்றைக்கு மருந்து பாட்டிலில் உடைக்கிற சீலுக்கும் அந்தச் சம்பவத்துக்கும் தொடர்பு இருக்கிறது.

10/
கடைசியாக, பரீட்சையில் கட்டாயம் வருகிற கேள்வி. ஜேம்ஸ் க்ரூனிக், டாட் ஹன்ட் இருவரும் 1984-ல் சொன்ன நான்கு மாதிரிகள். மருத்துவமனை பாஷையில் சொல்கிறேன்.

முதல் மாதிரி: விளம்பரம். "உலகத்தரம் வாய்ந்த சிகிச்சை" என்று ஃப்ளெக்ஸ் வைப்பது. உண்மையா என்பது இரண்டாம் பட்சம்.

இரண்டாவது: தகவல் சொல்வது. "கொதிக்க வைத்த தண்ணீரைக் குடியுங்கள்" என்று போஸ்டர் ஒட்டுவது. உண்மைதான். ஆனால் ஒருவழிப் பாதை.

மூன்றாவது: ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்பது. எதற்கு? அவர்களை எப்படி நம்ம வழிக்குக் கொண்டுவரலாம் என்று கண்டுபிடிக்க. பெர்னேஸ் வழி.

நான்காவது: கேட்பது. கேட்டதை வைத்து அவர்களும் மாறலாம், நாமும் மாறுவது. இருவழிச் சமநிலை.

நான்காவது வெறும் கனவு, பலம் உள்ளவன் எதற்காக மாறப்போகிறான் என்று விமர்சிப்பவர்களும் உண்டு. அதையும் எழுதினால் கூடுதல் மார்க்.

நான் எழுதினேன். கூடுதல் மார்க்கும் வாங்கினேன்.

11/
இப்போது 2017-க்கு வாங்க.

அந்த வருஷம் பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு டோஸ். பெரும்பாலும் பள்ளிக்கூடங்களிலேயே.

அதே வேகத்தில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் வந்தன. "உங்க பிள்ளைக்குப் போட விடாதீங்க." எங்கிருந்து கிளம்பியது என்று தெரியாது, எல்லாருடைய போனிலும் இருந்தது. எதிர்பார்த்த அளவுக்குப் பிள்ளைகள் வராததால் முகாமை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டியிருந்தது.

12/
கடலோரத்தில் ஒரு பள்ளியில் பெற்றோர் கூட்டம். "டாக்டர் சார், நீங்க வந்து நாலு வார்த்தை பேசுங்க" என்று கூப்பிட்டார்கள். எனக்குப் பெருமை. மருத்துவமும் படித்திருக்கிறேன், மக்கள் தொடர்பும் படித்திருக்கிறேன், என்னை விட்டால் யார்?

நாற்பது நிமிஷம் பேசினேன். கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் குழந்தை கண்புரையோடு, காது கேட்காமல், இதயக் கோளாறோடு பிறக்கலாம் என்று படம் போட்டுக் காட்டினேன். ஒவ்வொன்றும் உண்மை.

கேள்வி நேரம். மீன் விற்கிற ஒரு அம்மா எழுந்தார். சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டே கேட்டார்:

"அய்யா, போன வருசம் பூச்சி மாத்திரை குடுத்தப்ப எம்புள்ள வாந்தி எடுத்துச்சு. யாரும் எனக்குச் சொல்லல. சாயங்காலம் ஊட்டுக்கு வந்துதான் தெரியும். இந்த ஊசி போட்டு எதுனா ஆச்சுன்னா எனக்கு யாரு போன் பண்ணுவாங்க?"

13/
எவ்வளவு சரியான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல மருத்துவமே தேவையில்லை. ஒரு போன் நம்பர் போதும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஏம்மா, வாட்ஸ்அப்பை நம்புவீங்க, டாக்டரை நம்ப மாட்டீங்களா?"

அந்தம்மா வாட்ஸ்அப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவரிடம் இருந்தது பட்டன் போன்.

கூட்டம் சிரித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் யாரும் கேள்வி கேட்கவில்லை. "எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு" என்று நினைத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

14/
அந்த வருஷக் கடைசியில் அவர் என் கிளினிக் வாசலில் நின்றார். இடுப்பில் ஏழு வயசுப் பையன். ஏழு வயசுப் பையனை யாரும் இடுப்பில் தூக்க மாட்டார்கள். தூக்கியிருந்தால் அவனால் நடக்க முடியவில்லை என்று அர்த்தம்.

கண் சிவந்து, மூக்கு ஒழுகி, முகத்திலிருந்து மார்பு வரை தடிப்பு. மூச்சு வேகமாக வாங்கியது, விலா எலும்புக்கு நடுவில் உள்ளே குழிந்தது. தட்டம்மை, அதோடு நிமோனியா. கைக்குழந்தையில் போட்ட முதல் ஊசியோடு சரி, அதற்கப்புறம் போடவில்லை.

உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஆக்சிஜன், வைட்டமின் ஏ, ஆன்டிபயாடிக். மூன்றாம் நாள் வரை எதுவும் சொல்ல முடியவில்லை.

பிழைத்துக்கொண்டான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பதற வேண்டாம்.

15/
நாலாவது நாள் பார்க்கப் போனேன். வார்டு வராந்தாவில் அந்தம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். பையனுக்கு வார்டில் கொடுத்த பாலைக் கையில் வைத்திருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்:

"நான் வாணாம்னு சொல்லல சார். யாரு போன் பண்ணுவாங்கன்னுதான் கேட்டேன்."

கோபம் இல்லை. குத்தலும் இல்லை. தகவல் சொல்கிற மாதிரி சொன்னார்.

என்னிடம் பதில் இல்லை. "தப்பு என் மேலதாம்மா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார இடம் விட்டார்.

16/
அன்று ராத்திரி பீரோவிலிருந்து சிதம்பரம் புத்தகங்களை எடுத்தேன். பக்க ஓரத்தில் என் கையெழுத்து. "இருவழிச் சமநிலை - முக்கியம் - 10 மார்க்" என்று அடிக்கோடு வேறு.

நான் நான்காவது மாதிரியில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இரண்டாவதில் நின்றிருக்கிறேன். கேள்வி நேரம் வைத்தேன், ஆனால் கேள்விக்கு வைக்கவில்லை. "கேள்வி நேரம்" என்று நிகழ்ச்சி நிரலில் இருந்ததால் வைத்தேன்.

இந்த நான்கு மாதிரிகளையும் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு சோதனைதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவர்கள் சொன்னதைக் கேட்ட பிறகு, நம்ம பக்கம் ஏதாவது மாறியதா?

மாறவில்லை என்றால் அது பிரசங்கம்தான். மைக்கை அவர்கள் கையிலும் கொஞ்ச நேரம் கொடுத்த பிரசங்கம்.

17/
அப்போது தேடிப் படித்ததில் ஒருவர் சொன்னது மனசில் நின்றது. பீட்டர் சேண்ட்மேன். ஜனங்கள் உணர்கிற ஆபத்து என்பது இரண்டு விஷயங்களின் கூட்டல் என்பார். ஒன்று, உண்மையான அபாயம். இன்னொன்று, ஆத்திரம்.

டாக்டர்களாகிய நாங்கள் முதலாவதை மட்டும்தான் கணக்குப் போடுவோம். "பத்து லட்சத்தில் ஒருத்தருக்கு" என்போம். எதிரில் இருப்பவருக்கோ, போன தடவை தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்கிற இரண்டாவது கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். முதல் கணக்கை எத்தனை தடவை சரியாகச் சொன்னாலும் இரண்டாவது தீராது.

18/
2021 ஏப்ரல். நடிகர் விவேக் சார் 15-ஆம் தேதி கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டார். எல்லாரும் போட வேண்டும் என்று சொல்வதற்காகவே அரசு மருத்துவமனையில் போட்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி இறந்துவிட்டார்.

ரத்தக்குழாய் அடைப்புதான் காரணம், தடுப்பூசி இல்லை என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். தேசிய அளவிலான குழு ஆய்வு செய்து அக்டோபரில் அதையே சொன்னது. ஆனால் ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் நடுவில் இரண்டாம் அலை வந்துவிட்டுப் போய்விட்டது.

என் கிளினிக்கில் தினமும் அதே பேச்சு. "அவருக்கே அப்படின்னா எங்களுக்கு?"

19/
இந்தத் தடவை மைக் வேண்டாம், ப்ரொஜெக்டர் வேண்டாம் என்றேன். கிராம சுகாதார செவிலியரோடு அதே கடலோர ஊருக்குப் போய் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். ஒரு நாற்பது பக்க நோட்டு. "உங்க கேள்வியைச் சொல்லுங்க, இன்னைக்கு எழுதிக்கிட்டுப் போறேன், நாளைக்கு வந்து பதில் சொல்றேன்."

முதல் கேள்வி கேட்டது யார் என்று நினைக்கிறீர்கள்?

"சார், காய்ச்சல் வந்தா யாருக்கு போன் பண்றது?"

அதே அம்மா. அதே கேள்வி. இந்தத் தடவை சிரித்துக்கொண்டே கேட்டார். பக்கத்தில் பையன், அம்மா தோள் வரை வளர்ந்திருந்தான்.

நோட்டின் முதல் பக்கத்தில் என் நம்பரையும் செவிலியர் நம்பரையும் பெரிசாக எழுதிக் கிழித்து, அந்தத் திண்ணைச் சுவரில் ஒட்டினோம்.

20/
மறுநாள் கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால் ஊசியைப் பற்றியவை பாதிகூட இல்லை. காய்ச்சலில் படுத்தால் அன்றைய வியாபாரம்? பிள்ளையை யார் பார்ப்பார்கள்? ஆதார் கார்டில் பெயர் தப்பாக இருக்கிறதே?

பெண்கள் ஒரு யோசனை சொன்னார்கள். வெள்ளிக்கிழமை மீன் வியாபாரம் மந்தம். வியாழக்கிழமை சாயங்காலம் ஊசி போட்டால் வெள்ளிக்கிழமை படுத்துக்கொள்ளலாம்.

இது எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை. செவிலியர் மேலே பேசி, ஊசி வந்தபோது வியாழக்கிழமையாகவே ஏற்பாடு செய்தார். நம்ம பக்கம் மாறியது அதுதான்.

21/
ஊசியைப் பற்றிக் கேட்டதற்கு உள்ளதை உள்ளபடி சொன்னேன். காய்ச்சல், உடம்பு வலி நிறைய பேருக்கு வரும். ரத்தம் உறைவது மிக மிக அரிதாக நடந்திருக்கிறது. இந்தந்த அறிகுறி வந்தால் ராத்திரி ரெண்டு மணியானாலும் கூப்பிடுங்க.

"இதைச் சொன்னா பயந்துடுவாங்க சார்" என்று கூட வந்த ஒருவர் காதில் சொன்னார். பயந்தவர்கள் இருந்தார்கள். போட வராதவர்களும் இருந்தார்கள். எல்லாரும் மனம் மாறினார்கள் என்று கதை விட மாட்டேன். ஆனால் வந்தவர்கள் அடுத்த டோஸுக்குத் தானாக வந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு.

எனக்கு வந்த ராத்திரி போன்கள் மொத்தம் மூன்று. மூன்றும் சாதாரணக் காய்ச்சல். எடுத்துப் பேசினேன்.

22/
இதைப் படிக்கிற இளம் டாக்டர்களுக்கு, நர்ஸ்களுக்கு, சிதம்பரத்திலும் மற்ற ஊர்களிலும் மக்கள் தொடர்பு படிக்கிற பிள்ளைகளுக்கு:

• கேள்விக்குப் பின்னாடி ஒரு பழைய சம்பவம் இருக்கும். பதில் சொல்வதற்கு முன் அதைக் கேளுங்கள்.

• தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். கூடவே, எப்போது சொல்வீர்கள் என்றும் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்குப் போங்கள். சிலேட்டு நண்பர் வழி.

• கேட்டவரைச் சிரிப்புக்கு ஆளாக்காதீர்கள். அடுத்த பத்து பேருடைய கேள்வியும் அதோடு செத்துப்போகும்.

• கூட்டம் முடிந்ததும் நோட்டில் எழுதுங்கள்: இன்றைக்கு நாம் எதை மாற்றிக்கொண்டோம்? காலியாக இருந்தால் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

23/
மாமனார் போன மாதம்கூடக் கேட்டார். "அந்தப் படிப்பால என்ன மாப்ள பிரயோஜனம்?"

இந்தக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒரு போன் நம்பர் குடுக்கறதுக்கா ரெண்டு வருஷம் படிச்சீங்க?" என்றார்.

ரெண்டு வருஷம் இல்லை மாமா, அதுக்கு மேலயும் நாலஞ்சு வருஷம் ஆச்சு.

24/
முடித்துக்கொள்கிறேன். உங்க டாக்டரிடம் கேட்க நினைத்து, கேட்காமலேயே வெளியில் வந்த கேள்வி ஒன்று உங்களிடம் இருக்கும். கீழே எழுதுங்க. தெரிந்தால் பதில் சொல்கிறேன். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுதிவிட்டு, விசாரித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து சொல்கிறேன்.